ஆறாவது துணி

டாக்னி விக்லாண்டர் கோபக்காரி. எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அவள் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. அவள் கோபத்தை நாங்கள் படித்திருக்கிறோம்.

படித்த இடம் அடித்தளத்துச் சலவை அறை. இருபத்துநான்கு வீடுகளுக்கு இரண்டு சலவை இயந்திரங்கள், ஓர் உலர்த்தும் அலமாரி. கதவுக்குப் பக்கத்தில் பலகை. அதில் நாட்களும் நேரங்களும் துளைகளாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த சிறிய பூட்டு. பூட்டை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அந்த நேரம் நம்முடையது. அரை மணி நேரத்துக்குள் வந்து இயந்திரத்தைத் தொடங்காவிட்டால் நேரம் போயிற்று, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கட்டடம் எழும்பிய காலத்து விதி.

பலகைக்குக் கீழேதான் கடிதங்கள் ஒட்டப்படும். சோப்புத் தட்டைத் துடைக்காதவருக்கு, வடிகட்டியில் பஞ்சை விட்டுச் சென்றவருக்கு, ஒற்றைக் காலுறையைத் தொலைத்துவிட்டு அடுத்தவர் மேல் பழி போட்டவருக்கு. யாரும் பெயர் எழுதுவதில்லை. எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாருக்கு என்றும் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து எழுதியவரும் பெற்றவரும் படிக்கட்டில் சந்தித்து வானிலை பற்றிப் பேசுவார்கள். முகத்துக்கு நேரே சொல்வது அநாகரிகம்.

டாக்னி பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். நீல மை. நேரான கையெழுத்து. கால்புள்ளி தவறாது. "பதினேழாம் தேதி இயந்திரத்துக்குள் மணல் இருந்தது. கடற்கரை நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கடலை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை." இது என் பேரப்பிள்ளைகள் வந்துபோன வாரம் எழுதியது. நான் படித்தேன், துடைத்தேன். படிக்கட்டில் பார்த்தபோது, காற்று அதிகம் இன்றைக்கு என்றேன். அதிகம்தான் என்றாள்.

இருபத்தோரு வயதில் இரும்பாலைக்குப் போனவள். கூரைக்கடியில் ஓடும் பாரந்தூக்கியை இயக்கும் வேலை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கீழே இருந்த ஆண்கள் முதல் ஆண்டு அவள் கூண்டு ஏணியில் மசகு தடவி வைத்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர்களுடைய சாப்பாட்டுப் பெட்டிகள் அத்தனையும் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில், கொக்கியில், ஒரு வலைக்குள் தொங்கின. மதியம் வரை தொங்கின. இதை எனக்குச் சொன்னது அவள் கணவன் ஹால்வர். அவனுக்குப் பேச்சு வேண்டும். படிக்கட்டில் அவனிடம் மாட்டினால் கையில் இருக்கும் பால் புளித்துவிடும். "நான் பேசுறேன், அவ எழுதுறா. வீட்டுல சண்டையே இல்ல, போ" என்பான்.

பிறகு ஹால்வரின் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு கால். கடைசி ஆண்டு படுக்கை. முதியோர் இல்லத்துக்குப் போகமாட்டேன் என்றான், அவளும் அனுப்பவில்லை. காலையும் மாலையும் நகராட்சி உதவியாளர்கள் வந்து போனார்கள். இடையில் இருந்த நேரம் எல்லாம் அவளுடையது. பலகையில் அவளுடைய பதினான்காம் எண் பூட்டு வாரத்தில் நான்கு நாள் தொங்கத் தொடங்கியது. விதிப்படி இரண்டுதான். அப்போது குடியிருப்போர் சங்கத் தலைவன் நான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். பெரிய உதவி செய்வதாக எனக்குள் நினைப்பு.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணி அவளுடைய நேரம். ஏழு முப்பத்தொன்றுக்கு நான் கீழே போனேன். இயந்திரங்கள் காலி. கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே போய் என் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து போட்டேன். தவறு ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டுகள் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்குத் துணியை எடுக்கப் போனபோது கடிதம் ஒட்டியிருந்தது.

"வியாழன் ஏழு மணியை எடுத்துக்கொண்டவருக்கு. முப்பத்தைந்து நிமிடம் தாமதமானது உண்மை. விதி எனக்குத் தெரியும். அவன் விழுந்துவிட்டான், தூக்க நேரமாயிற்று. மூன்று விரிப்புகள், மூன்றிலும் மலம். குளியல் தொட்டியில் கிடக்கின்றன. அவன் வெட்கப்பட்டு அழுகிறான். உங்கள் துணி நன்றாக வெளுத்ததா?"

கையெழுத்து சாய்ந்திருந்தது. கால்புள்ளிகள் மட்டும் சரியாக இருந்தன.

நான் அதைக் கிழிக்காமல் எடுத்தேன். மற்றவர்கள் பார்க்க வேண்டாம், அவள் மானம் என்று சொல்லிக்கொண்டேன். பலகையிலிருந்து கழற்றும் கடிதங்களை எல்லாம் போட்டுவைக்கும் சங்கக் கோப்பில் வைத்தேன். அவள் வீடு என் வீட்டுக்கு ஒரு மாடி மேலே. பதினெட்டுப் படிகள். ஏறவில்லை. மாலையில் வாசலில் பார்த்தோம். பனி வரும்போல் இருக்கிறது என்றேன். வரும் என்றாள். ஜனவரியில் ஹால்வர் இறந்தான். சங்கத்தின் சார்பில் பூ அனுப்பினோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து இல்வா வந்தாள். தலைநகரத்துக்காரி. முப்பத்துநான்கு வயதிருக்கும். மூன்றாம் மாடியில் ஓர் ஆண்டுக்கு வாடகைக்கு. கலைஞர். நகராட்சி உதவித்தொகையில் வந்திருந்தாள். முதல் வாரமே சலவை அறையில் கைபேசியோடு நின்று பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பழைய கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். என் வீட்டுக்கு ஏலக்காய் பன்னோடு வந்தாள். நான் காப்பி போட்டேன், கோப்பை எடுத்து வைத்தேன்.

"பதினோரு வருஷக் கடிதமா! சிக்ஸ்டன், நீ இதெல்லாம் தூக்கிப் போடவே இல்லையா?"

"சங்கத்துக்கு வந்தது. எப்படித் தூக்கிப் போடுறது?"

"சங்கத்துக்கா வந்துச்சு? சோப்புத் தட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"பலகையில ஒட்டினா சங்கத்துக்கு வந்ததுதான்."

"உன்னையும் சேர்த்துச் சுவத்துல மாட்டிடலாம் போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். "பேர் எதுவும் வெளிய வராது. சத்தியம்."

"வர்றதுக்குப் பேரே கெடையாதே" என்றேன்.

அந்தக் கடிதம் உள்ளே இருப்பதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தெரியும். தேடி எடுத்தால் மறுபடி படிக்க வேண்டும், அதனால் எடுக்கவில்லை. இத்தனை காகிதத்தில் அதுவா அவள் கண்ணில் படப்போகிறது என்று கோப்பை மூடிக் கொடுத்தேன்.

மார்ச்சில் கண்காட்சி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய காப்பிக் கிடங்கில் இருக்கும் கலைக்கூடம். தலைப்பு, 'நாம் இப்படித்தான்'. எங்கள் வாசலில் அழைப்பிதழ் ஒட்டியிருந்தாள். அழைப்பிதழ் என்பதால் அன்று அத்தனை பேரும் போனோம், டாக்னியும் வந்தாள். ஒன்றாக எங்கேயும் போகாத ஆட்கள் நாங்கள்.

நடுக்கூடத்தில் ஒரு சலவை இயந்திரம். கண்ணாடிக் கதவுக்குள் நம் கொடி சுற்றிக்கொண்டே இருந்தது. சுவர்களில் பதினோரு நீலத் துணிகள், கதவு உயரத்துக்கு. எங்கள் கடிதங்களை, எங்கள் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கி, மஞ்சள் நூலில் குறுக்குத் தையலாகத் தைத்திருந்தாள். கூரையிலிருந்து ஒரு நடிகரின் குரல் ஒவ்வொன்றாகப் படித்தது. எங்கள் ஊர்ப் பேச்சில், நாடகத்தில் கிழவிக்குக் கொடுக்கும் குரலில், மூக்கால். ஒவ்வொரு கடிதம் முடிந்ததும் இயந்திரத்தின் 'சலவை முடிந்தது' மணி. மக்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். மணல் கடிதம் வந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் 'அது எனக்கு வந்தது' என்று பெருமையாகச் சொன்னேன்.

டாக்னி தட்டில் சாண்ட்விச் கேக்கோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதினொன்றில் நான்கு அவளுடையவை. இரண்டாவது முன்னால் நின்று என்னிடம் சொன்னாள்: "ஒரு கால்புள்ளியை விட்டுட்டா." கோபமாகச் சொன்னாள் என்று தோன்றவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாவது பூனைக் கடிதம். "பஞ்சு வடிகட்டியில் நீங்கள் விட்டுப்போன பூனையை வந்து எடுத்துக்கொள்ளவும். அதற்கு இன்னும் பால் கொடுக்கவில்லை. இப்படிக்கு, மற்ற நாங்கள் எல்லோரும்." அங்கேதான் கூட்டம் அதிகம். கேமராக்கள் அதிகம்.

ஆறாவதுக்கு வந்தாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால். மஞ்சள் நூலில் அந்தச் சாய்ந்த கையெழுத்து. மேலே குரல் படிக்கத் தொடங்கியது. 'விதி எனக்குத் தெரியும்' என்ற இடத்தில் சிரிப்பு. 'மூன்றிலும்' என்று நடிகர் ஒரு கணம் நிறுத்தி, அந்தச் சொல்லைச் சொன்னபோது பெரிய சிரிப்பு. 'உங்கள் துணி நன்றாக வெளுத்ததா' என்பதைக் கிழவிக் குரலில் உச்சத்துக்கு ஏற்றினார். மணி அடித்தது. யாரோ கைதட்டினார்கள்.

டாக்னி திரும்பி நடந்தாள். கேக் தட்டு கையிலேயே இருந்தது. கலைக்கூடத்துத் தட்டு. அப்படியே வெளியே போய்விட்டாள்.

தலைநகர நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் எழுதியது. வாய்விட்டுப் பேசாத ஓர் இனத்தின் ஆன்மா அடித்தளத்தில் இருக்கிறது என்றார்கள். பூனைக் கடிதத்தைக் கட்டம் கட்டிப் போட்டு, 'ஆறு மாத இருட்டும் லூத்தரின் தேவாலயமும் சேர்ந்தால்தான் இந்த வறண்ட நகைச்சுவை பிறக்கும், வேறு எந்த மண்ணிலும் முளைக்காது' என்று எழுதியிருந்தார்கள். எங்களைப் பார்த்து நாங்களே சிரிப்போம், அது வழக்கம். ரயிலில் இரண்டு மணி நேரம் வந்து எங்கள் அடித்தளத்தில் நாட்டின் ஆன்மாவைக் கண்டெடுத்ததாகச் சொல்லிக்கொள்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆன்மா என்று அவர்கள் சொன்னது ஹால்வரின் விரிப்பு.

பத்து நாள் கழித்து இல்வா படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். முகம் பூரித்திருந்தது.

"சிக்ஸ்டன், நம்பமாட்ட. கலைக்கூடத்துக்கே யாரோ கோபக் கடிதம் போட்டிருக்காங்க! ஒண்ணு இல்ல, ரெண்டு! பேர் இல்லாம!"

"என்ன எழுதியிருக்கு?"

"'ஆறாவதை அகற்றவும். அது வேடிக்கை அல்ல.' அவ்வளவுதான். ரெண்டாவது கடிதத்துல 'உடனே'ன்னு சேர்த்திருக்கு. ரெண்டையும் சட்டம் போட்டு வாசல்ல மாட்டிட்டோம். ஜனங்க அதுக்கு முன்னாலதான் முதல்ல நிக்கிறாங்க."

"எழுதினது யாருன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன அழகு இருக்கு அதுல?"

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வானிலையாவது பேசினேனா என்றால் அதுவும் இல்லை.

அடுத்த வாரம் என் சலவை நேரத்தில் டாக்னி உள்ளே வந்தாள். கையில் கூடை இல்லை. கதவைச் சாத்தினாள்.

"அது எறங்கணும்" என்றாள்.

"டாக்னி…"

"கோப்பு உன்கிட்ட இருந்துச்சு. நீதான கொடுத்த?"

"ஆமா."

"பன்னுக்கா?"

நான் சோப்புத் தட்டைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த தட்டு.

"ரெண்டு தடவ எழுதினேன். மாட்டி வச்சிருக்காங்க. மூணாவது எழுதினா அதையும் மாட்டுவாங்க."

"நேர்ல போய்ச் சொல்லு. என்னுதுன்னு சொல்லு. சொன்னா எடுத்துத்தான் ஆகணும்."

"என்னுதுன்னு நான் சொல்லணுமா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தெரியுறது வேற" என்றாள். அவள் காது சிவந்திருந்தது. "சொன்னா, நாளைக்கு அந்தத் துணி முன்னால நிக்கிறவனுக்கு அது ஹால்வர். இப்ப அது யாரோ ஒருத்தன். அதுவும் பொறுக்கல. இதுவும் பொறுக்கல."

அப்போது கதவு திறந்து நஹ்ரின் வந்தாள். இரண்டாம் மாடி. அடுத்த நேரம் அவளுடையது. பத்து நிமிடம் முன்பே வருவது அவள் வழக்கம், அதற்காகவே அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் வாயால பேசிக்கிறீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

டாக்னி அவளைப் பார்த்தாள். நஹ்ரின் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஆறாவதா? எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சிரிக்கல. என் பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான், அவன் கால மிதிச்சேன்." பிறகு என்னிடம் திரும்பினாள். "நீ சிரிச்சியா, தலைவரே?"

"அதுக்குச் சிரிக்கல."

"ஐயோ பாவம், அதுக்கு மட்டும் சிரிக்கல" என்றாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு அந்தப் பொண்ணு அங்க பேசுதாம். மைக் எல்லாம் இருக்கும். மூணு பேரும் போறோம். இது கடிதம் இல்ல டாக்னி, கேள்வி இல்ல, உத்தரவு."

ஞாயிறு போனோம். டாக்னி நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். கூடவே அந்தத் தட்டையும் கழுவி எடுத்து வந்திருந்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தட்டை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு ரொம்ப நன்றி, நீங்க உக்காருங்க" என்றாள்.

"என்ன நீங்க நாங்கன்னுட்டு? நான் என்ன ராணியா?" என்றாள் டாக்னி. "நீன்னு கூப்பிடு." எங்கள் ஊரில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் எல்லோரும் நீதான்.

அறுபது பேர் இருந்தார்கள். இல்வா உயர்ந்த முக்காலியில் உட்கார்ந்து பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். அமைதி, ஒழுங்கு, சமத்துவம் என்று உலகம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் படத்தைக் கவிழ்த்துப் பார்க்க விரும்பியதாகச் சொன்னாள். நாம் மோதலுக்கு அஞ்சுகிறவர்கள், நமக்குச் சலவை அறைதான் பாவமன்னிப்புக் கூண்டு என்றாள். அஞ்சல் அட்டையில் சிவப்பு மர வீடும் ஏரியும் விற்கிறோம், உண்மையில் நாம் வடிகட்டிப் பஞ்சுக்காகப் போர் நடத்துகிறோம் என்றாள். சிரிப்பு. ஐந்தாவது துணியைக் காட்டி, இந்த ஒரு கடிதத்தில் நாடே இருக்கிறது என்றாள்.

நஹ்ரின் கையைத் தூக்கினாள். மைக்குக்குக் காத்திருக்கவில்லை.

"அந்தப் பூனை என்னோடது."

"மன்னிக்கணும்?"

"நான் எழுதினது. நான் பொறந்தது கமிஷ்லியில, சிரியாவுல. இங்க வந்து ரெண்டாவது குளிர்காலம் அது. மொழி வகுப்புல 'கட்டளை வாக்கியம்' பாடம் அந்த வாரம். லூத்தருக்கும் எனக்கும் பழக்கமில்ல."

கூட்டம் ஓவென்று சிரித்தது. இல்வா முக்காலியை விட்டு இறங்கிவிட்டாள்.

"அருமை! இதவிட என்ன வேணும்? அப்ப இந்த நாடு தொத்திக்கிற நாடு! இதை நான் சேர்க்கணும், உன் குரல்லயே பதிவு பண்ணணும்…"

"பண்ணுவ, பண்ணுவ" என்று நஹ்ரின் உட்கார்ந்தாள். "எதப் போட்டாலும் முழுங்குது இது" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

டாக்னி எழுந்தாள். எழுந்து ஆறாவது துணியின் முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்து நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள்.

"இது என்னோடது. எறக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்தார்கள். ஒருவர் கைபேசியைத் தூக்கினார். நஹ்ரின் அவர் பக்கம் திரும்பியதும் தாழ்த்தினார்.

இல்வா மெதுவாகச் சொன்னாள்: "டாக்னி. எனக்குத் தெரியாது. உண்மையாவே. ஆனா இதுதான் இருக்கிறதுலேயே வலுவானது. இதுக்கு முன்னால அழுதவங்க இருக்காங்க."

"சிரிச்சாங்க. நான் இங்கதான் நின்னேன்."

"முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் சிரிச்சதுக்கு வெக்கப்படுவாங்க. அதுதான் இந்த வேலை."

"அவங்க வெக்கப்படுறதுக்கு அவனா கெடச்சான்?"

பின்வரிசையில் இருந்து கலைக்கூட இயக்குநர் வந்தார். கண்காட்சி மே வரை ஒப்பந்தம், அலுவலக நாளில் பேசலாம், அதுவரை கறுப்புத் துணியால் மூடிவைக்கலாம், 'எழுதியவரின் வேண்டுகோளின்படி' என்று பக்கத்தில் ஓர் அட்டை வைக்கலாம் என்றார். நல்ல மனிதர். குரல் எண்ணெய் போட்டதுபோல் இருந்தது.

"வேண்டுகோள் இல்ல" என்றாள் டாக்னி. "கறுப்புத் துணி போட்டா அதப் பாக்க வருவாங்க. அட்டை வச்சா அதப் படிக்க வருவாங்க."

"அந்தக் கடிதத்துக்குப் பின்னால என்ன நடந்துச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சா," என்றாள் இல்வா, "ஒருவேளை நாம சேர்ந்து…"

"சொல்லமாட்டேன். சொன்னா அதையும் தைப்ப."

அப்போது நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. மூன்று ஆண்டு நெஞ்சில் உட்கார்ந்திருந்தது தானாக எழுந்ததுபோல. அந்த நேரத்தை எடுத்தவன் நான் என்றேன். கடிதத்தைப் படித்தவன், எடுத்து வைத்தவன், கொடுத்தவன் நான் என்றேன். அறுபது முகங்கள் என் பக்கம் திரும்பின. இல்வாவின் முகமும் திரும்பியது. அதில் ஓர் ஒளி வந்ததைப் பார்த்தேன். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. பிறகு, அவள் முகத்தில் அந்த ஒளி வர இப்போதும் நான்தான் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

"சிக்ஸ்டன், உக்காரு" என்றாள் டாக்னி, என்னைப் பார்க்காமல். "இப்ப உன்னப் பத்திப் பேச்சு இல்ல." பிறகு இயக்குநரிடம்: "ஏணி எங்க?"

"ஞாயித்துக்கிழமை பணியாளர் யாரும்…"

"நான் பன்னெண்டு மீட்டர் உயரத்துல முப்பத்தெட்டு வருஷம் உக்காந்திருக்கேன். ஏணி எங்கன்னு மட்டும் சொல்லு."

எழுபத்து நான்கு வயது. ஏறிவிடுவாள். அவருக்கும் அது புரிந்தது. ஏணியோடு ஓர் ஆள் வந்தார். துணி இறங்கியது. இல்வா அதைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் தைத்ததாம். அவள் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை.

ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வெள்ளைச் சுவர்.

"அத மூடு" என்றாள் டாக்னி.

"எதை?"

"அந்தக் காலி எடத்த. காலியா விட்டா கதை கட்டுவாங்க. மத்தத நெருக்கு."

பத்துத் துணிகளையும் நகர்த்த வேண்டும், கம்பிகளைக் கழற்ற வேண்டும், விளக்குகளைத் திருப்ப வேண்டும். கூட்டம் கலைந்தது. ஏணிக்காரர் பெருமூச்சு விட்டார். நானும் நஹ்ரினும் கம்பிகளைப் பிடித்தோம். டாக்னி நடுவில் நின்று சொன்னாள். இடது. இன்னும். நில். கீழே. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் கோட்டின் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

சுவர் முடிந்ததும் மேலே காட்டினாள். "அந்தக் குரலும்."

இல்வா கணினியில் உட்கார்ந்து வெட்டினாள். டாக்னி நம்பவில்லை. முதலிலிருந்து ஓடவிடச் சொன்னாள். யாருமில்லாத கூடத்தில் நாங்கள் நான்கு பேரும் நின்று பதினான்கு நிமிடம் கேட்டோம். கால்புள்ளி போன இரண்டாவது. மணல். பூனை. மணி. நேராக ஏழாவது.

"வாசல்ல ரெண்டு சட்டம் இருக்கு" என்றாள் டாக்னி.

இல்வாவே போய்க் கழற்றி வந்து கொடுத்தாள். கொடுக்கும்போது சொன்னாள்: "என் அம்மாவும் இப்படி எழுதுவா. சின்ன வயசுல எனக்கு அவமானமா இருக்கும். அதனாலதான் நான் இத…"

"அப்ப அவளோடதத் தொங்கவிடு."

"அவ கோவிச்சுக்குவா."

"ம்" என்றாள் டாக்னி. சட்டங்களிலிருந்து தாள்களை உருவி மடித்துக் கைப்பையில் வைத்தாள். சட்டங்களை மேசையில் வைத்தாள்.

வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. நஹ்ரினின் மகன் காரோடு வந்தான், அவளுக்கு வேறெங்கோ போக வேண்டியிருந்தது. நானும் டாக்னியும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எங்கள் ஊர் முறைப்படி, இரண்டு மீட்டர் தள்ளி.

"டாக்னி, அந்த வியாழக்கிழமை…"

"தெரியும். உன் கோடு போட்ட விரிப்பு கண்ணாடிக்குள்ள சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சுதான் எழுதினியா?"

"உனக்குத்தான் எழுதினேன்."

"பேர் போடலயே."

"பேர் போட்டா நீ வரவேண்டியதாயிடும்." மூக்கைத் துடைத்தாள். "பேர் போடாமலே வருவேன்னு நெனச்சேன். ஹால்வர் ரெண்டு தடவ கேட்டான், கதவத் தட்டுறாங்களான்னு. அவனுக்கு யாராவது வந்துட்டே இருக்கணும்."

மன்னிச்சுக்கோ என்றேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. அவள் ஏறினாள். பின்னாலேயே நான் கால் வைத்தபோது திரும்பினாள்.

"நீ அடுத்ததுல வா."

காலை எடுத்தேன். கதவு மூடியது. ஓட்டுநர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த வண்டி நாற்பது நிமிடம் கழித்துத்தான்.